வாய்பேசா ஏவலன்

“தட்டு இப்படிச் சுத்தணும்!” என்று அகராதி ஆசிரியர் கையை வீசிய வீச்சில் ரேடியோவின் மூக்குக்கண்ணாடி காதை விட்டுக் கிளம்பிவிட்டது. நல்லவேளை, தரையைத் தொடுவதற்குள் பிடித்துக்கொண்டான்.

“சார், பாத்து! எனக்குக் கண்ணு ரெண்டுதான்.”

“மன்னிச்சுக்கோங்க தம்பி. எனக்குக் கை ஆடலேன்னா வாய் வராது.”

ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. காலையில் கண் திறந்ததும் ஓட ஆரம்பிக்கிற வாய், தலையணையில் சாய்ந்தால்தான் நிற்கும் என்பதால் அக்கா வைத்த பெயர். நாற்பதைத் தொடுகிற வயதிலும் அதுவே நிலைத்துவிட்டது. அந்த அக்காவின் புருஷனிடம்தான் ரேடியோவுக்கு வேலை. அவர் தொழில் துப்பறிவது. அதனால் ஊரில் எல்லோரும் அவரைத் துப்பு என்றே கூப்பிடுவார்கள். அக்காவுக்குக் கோபம் வந்தால் மட்டும் அந்தப் பெயருக்குப் பின்னால் ‘கெட்ட மனுஷன்’ என்று சேர்ந்துகொள்ளும்.

இன்றைக்கு இரண்டு பேரும் அக்காவுக்காகவே வந்திருந்தார்கள். யார் யார் வீட்டு விவகாரத்திலோ மூக்கை நுழைத்துக் கிண்டலடித்துப் பிழைக்கிறவன் ரேடியோ. சொந்த அக்கா என்றதும் கிண்டல் வரத்தான் செய்தது, ஆனால் நாக்கு உலர்ந்து வந்தது. பொழுது சாய்வதற்குள் உண்மை வெளியே வராவிட்டால் இன்ஸ்பெக்டர் வந்து அக்காவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.

விஷயம் இதுதான். இவர்கள் வந்திருப்பது அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்துகிற அகராதிக் கம்பெனி. பணம் போட்ட தம்பி முதலாளி. படித்த அண்ணன் ஆசிரியர். அக்கா அவருக்குத் துணையாசிரியர். ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் தமிழில் என்ன பொருள் போடுவது என்று மூவரும் இந்த மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். பேசியது எதிர்க்கம்பெனிக்கு எப்படியோ போய்க்கொண்டிருந்தது. முதலாளி சட்டமாகப் போட்டுத் தள்ளினார். அச்சுக்குப் போகும்வரை ஓர் எழுத்துகூட எழுதக் கூடாது, எல்லாம் வாய்ப்பேச்சு. செல்போனை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். கதவுக்கு உள்ளும் புறமும் தக்கை அடித்து, அதன்மேல் மெத்தைத் துணி தைத்தாயிற்று. அப்படியும் கசிந்தது. அறைக்குள் இருந்தது மூன்றே பேர். முதலாளி தன்னைச் சந்தேகப்பட முடியாது, கூடப்பிறந்த அண்ணனையும் சந்தேகப்பட முடியாது. மிச்சம் யார்?

“உங்க வீட்டம்மா மேல எனக்குத் துளி சந்தேகம் இல்ல,” என்றார் ஆசிரியர். “என் தம்பி காதுலதான் அது ஏற மாட்டேங்குது.”

“கடைசியா கசிஞ்ச சொல்லு எது சார்?” என்று கேட்டார் துப்பு. அவர் பேச்சு எப்போதும் அளவுதான். வீட்டில் பேச வேண்டியதை எல்லாம் மைத்துனன் பேசிவிடுவதால் பழகிப்போன வழக்கம்.

“அதைத்தானே சொல்லிட்டிருக்கேன். டம்ப்வெய்ட்டர். ரெண்டு சொல்லு சேந்த சொல்லு. டம்ப்னா பேசாத. வெய்ட்டர்னா பரிமாறுறவன். என் தம்பி என்ன சொன்னான்? அது சமையல்கட்டுல இருந்து மாடிக்குச் சாப்பாடு ஏத்துற குட்டி லிஃப்ட்டுன்னான். ஒத்தைக் கால்ல நின்னான்.”

“தப்புங்களா?”

“தப்பில்ல. ஆனா அது பின்னாடி வந்த அர்த்தம். இப்ப அப்படித்தான் சொல்றாங்க. முதல்ல அந்தப் பேரு ஒரு மேசைக்குத்தான் இருந்துச்சு. நடுவுல கம்பு. கீழ பெரிய தட்டு, மேல போகப் போகச் சின்னத் தட்டு. தட்டெல்லாம் இப்படிச் சுத்தும்.” உள்ளங்கையை விரித்து, அதன்மேல் ஏதோ தளும்பாமல் இருக்கிற மாதிரி, மெல்ல ஒரு வட்டம் போட்டார். ரேடியோ இந்தத் தடவை முன்ஜாக்கிரதையாக ஓர் அடி தள்ளி நின்றான்.

“பேசாத மேசைன்னு எதுக்கு சார் பேரு? எந்த மேசை பேசுது?”

“நல்ல கேள்வி தம்பி. அந்தக் காலத்துப் பெரிய வீடுகள்ல, சாப்பிடுறவங்க பின்னாடியே வேலைக்காரங்க நிப்பாங்க. சாப்பாட்டைப் பரிமாறிட்டு, அங்க கேட்ட ரகசியத்தை வெளியில போய்ப் பரிமாறிடுவாங்க. எசமானுங்க பாத்தாங்க. வேலைக்காரனை வெளிய அனுப்பிட்டு, பக்கத்துல இந்தத் தட்டு மேசையை வச்சுக்கிட்டாங்க. வேணுங்கிறதைச் சுத்தி எடுத்துக்கலாம். அதுக்குக் காதும் கிடையாது, வாயும் கிடையாது.”

“சம்பளமும் கிடையாது. எங்க அக்கா வீட்டுல அது எங்க அத்தான்தான் சார். பரிமாறுவாரு, வாயே திறக்க மாட்டாரு.”

துப்பு சிரிக்கவில்லை. “தமிழ்ல என்ன முடிவு பண்ணீங்க?”

“நான் ‘ஊமை’ன்னு ஆரம்பிச்சேன். உங்க வீட்டம்மா தடுத்துட்டாங்க. ‘ஒரு மேசைக்குப் பேரு வைக்க வாய் பேச முடியாத பிள்ளை மனசை எதுக்கு சார் நோகடிக்கணும்’னாங்க. அவங்க சொன்னதுதான் ‘வாய்பேசா ஏவலன்’. பிரமாதம்னு மூணு பேரும் தலையாட்டினோம். கைதட்டாத குறைதான். மறுவாரமே அந்தக் கம்பெனிக்காரன் கடைக்குக் கடை இனாமாக் கொடுத்த மாதிரிப் புத்தகத்துல, படத்தோட, அதே சொல்லு!” ஒரு மெல்லிய புத்தகத்தை மேசைமேல் போட்டார். “நான் கீழ போய்த் தம்பியைக் கொஞ்ச நேரம் இழுத்துப் பிடிக்கிறேன். அதுக்குள்ள ஏதாவது கண்டுபிடிங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்.”

கும்பிடுவதற்கும் அவர் கையைப் பெரிதாகத்தான் வீசினார். அவர் போனதும் கதவு தானாகவே ‘பொத்’ என்று சாத்திக்கொண்டது.

ரேடியோ அறையைச் சுற்றிப் பார்த்தான். நல்ல பெரிய அறை. நீண்ட மேசை, நாற்காலிகள், ஒரு சுவர் முழுக்கப் புத்தக அலமாரி. ஜன்னல் என்று சொல்ல, எட்டாத உயரத்தில் கம்பி வலை பதித்த கண்ணாடி ஒன்று. அதையும் ஆணி அடித்து மூடியிருந்தார்கள். மேலே மின்விசிறி ஓடியது. உள்ளே இருந்த வெப்பத்தையே திரும்பத் திரும்ப எடுத்து முகத்தில் விட்டது.

“மூச்சு முட்டுது அத்தான். இதுக்குள்ள உக்காந்து அக்கா எப்படி வேலை பாத்தா?”

“புத்தகத்தைப் பிரி.”

பிரித்தான். சொல் இருந்தது. வாய்பேசா ஏவலன் இருந்தது. கீழே ஒரு படம். படத்தைப் பார்த்ததும், இருந்த கவலையிலும் ரேடியோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“என்ன அத்தான் இது, பொருட்காட்சி ராட்டினமா? தட்டெல்லாம் மேல போய்க் கீழ வருது! இதுல சூப்பு வச்சா, சாப்பிட வந்தவன் தலை மேலதான் கொட்டும்.”

“ஆசிரியர் கையை எப்படிச் சுத்தினாரு? செஞ்சு காட்டு.”

ரேடியோ உள்ளங்கையை விரித்து, படுக்கைவாட்டில் ஒரு வட்டம் போட்டான். “இப்படி.”

“படத்துல?”

“செங்குத்தா.”

“அன்னிக்கு இந்த மேசையில உங்க அக்கா ஆசிரியருக்கு நேர் எதிர்ல உக்காந்திருந்தா. அவரு கை சுத்தினதைக் கண்ணால பாத்தா.” துப்பு படத்தின்மேல் விரலை வைத்தார். “இதை வரைஞ்சவன் பாக்கல மாப்ளே. தட்டு சுத்தும்னு காதால கேட்டிருக்கான், அவ்வளவுதான். எப்படிச் சுத்தும்ங்கிறது வாய்ப்பேச்சுல இல்ல. ஆசிரியர் கையில இருந்தது.”

கையையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, ரேடியோவுக்கு அது உறைக்க இரண்டு மூன்று நிமிஷம் ஆனது. உறைத்ததும் குதித்தான்.

“அப்ப நம்ம அக்கா இல்ல!”

“அறைக்குள்ள இருந்தவங்க யாருமே இல்ல. வெளிய இருந்து எவனோ ஒட்டுக் கேட்டிருக்கான்.”

“இதைப் போய் அந்த முதலாளி மூஞ்சியில அடிக்கிற மாதிரிச் சொல்லிட்டு வரேன். இருங்க!” என்று ஓடிப்போய்க் கதவை இழுத்தான்.

கதவு வரவில்லை.

காலை ஊன்றி இழுத்தான். உள்பக்கத் தாழ்ப்பாள் திறந்துதான் கிடந்தது. வெளியே எவனோ தாழ்ப்பாள் போட்டிருந்தான். செல்போன் இரண்டையும் வாசலிலேயே கொடுத்தாயிற்று.

“டேய்! யார்ரா அது? உள்ள ஆள் இருக்கு!” கையை முறுக்கிக் கதவில் குத்தினான். முஷ்டி மெத்தைத் துணிக்குள் பதிந்து திரும்பி வந்தது. சத்தமே இல்லை. தோளால் மோதினான், காலால் உதைத்தான். தலையணையோடு சண்டை போட்டாலாவது கொஞ்சம் சத்தம் வந்திருக்கும். முதலாளி கொடுத்த காசுக்குத் தச்சன் வஞ்சனை இல்லாமல் வேலை செய்திருந்தான்.

மூடிய அறை என்றாலே ரேடியோவுக்கு ஆகாது. லிஃப்ட்டில் போக வேண்டியிருந்தால் படியேறிப் போகிற ஜாதி. இப்போது வேர்வை முதுகில் ஓடியது, சட்டைக் காலர் கழுத்தைப் பிடித்தது. மேசைமேல் நாற்காலியைப் போட்டு ஏறி, உயரத்துக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தான்.

கீழே முற்றம் தெரிந்தது. கேட் திறந்தது. ஜீப் உள்ளே வந்தது.

“அத்தான், வந்துட்டாங்க!”

அக்கா முற்றத்தைக் கடந்து முதலாளியின் அறைக்கு நடந்துகொண்டிருந்தாள். கைப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். ஒரு தடவை நின்று, யாரையோ தேடுகிற மாதிரி சுற்றிலும் பார்த்தாள். ‘அக்கா! இங்க, மேல!’ என்று ரேடியோ தொண்டை கிழியக் கத்தினான், செருப்பைக் கழற்றிக் கண்ணாடியில் அடித்தான். கண்ணாடி அசையவில்லை. முற்றத்தின் ஓரத்தில் அச்சு இயந்திரம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அக்கா தலை குனிந்து உள்ளே போய்விட்டாள். தன்னையும் அத்தானையும்தான் தேடியிருப்பாள், கைவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்திருப்பாள் என்று தோன்றியதும் ரேடியோவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“இறங்கு. விழுந்து கையைக் காலை ஒடச்சுக்காத,” என்றார் துப்பு.

“உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா அத்தான்? உங்க பொண்டாட்டி அத்தான் அவ!”

“தெரியும்டா.” அந்தக் குரல் லேசாக நடுங்கியதை ரேடியோ அப்போதுதான் கவனித்தான். வாயை மூடிக்கொண்டு இறங்கினான்.

துப்பு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். “எப்ப தாழ்ப்பாள் போட்டான்?”

“ஆசிரியர் போன பிறகு.”

“நாம படத்தைப் பத்திப் பேசின பிறகு. உண்மையைக் கண்டுபிடிச்சோம், கதவு சாத்திக்கிச்சு. நாம பேசினதை இப்பவும் ஒருத்தன் கேட்டிருக்கான். கதவு வழியா கேக்க முடியாது, இப்பதான் நீ ஒதைச்சுப் பாத்தியே. ஜன்னல் வழியாவும் முடியாது. அப்ப எது வழியா?”

ரேடியோவுக்கு யோசனை ஓடவில்லை. பசிதான் வந்தது. பயந்தால் அவனுக்குப் பசிக்கும்.

“ஒரு டீ கிடைச்சாக்கூடப் போதும் அத்தான். வாசனை வேற வந்து உசுரை வாங்குது.”

துப்பு எழுந்துவிட்டார். “என்ன சொன்ன?”

“டீ வாசனை. வரல உங்களுக்கு?”

“வருது. காத்தே நுழையாத அறைக்குள்ள டீ வாசனை எப்படி மாப்ளே நுழையும்?”

இரண்டு பேரும் மூக்கை நீட்டிக்கொண்டு அறையைச் சுற்றினார்கள். வெளியாள் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பான். வாசனை மேசைப் பக்கம் குறைந்தது, அலமாரிப் பக்கம் கூடியது. கடைசி அலமாரிக்கு அருகில் துப்பு மண்டியிட்டார். அவர் கண்ணைக் காட்ட, ரேடியோ மூச்சைப் பிடித்துக்கொண்டு அலமாரியை இழுத்தான். பின்னால், சுவரின் வண்ணமே பூசிய ஒரு சின்ன மரக்கதவு, இடுப்பு உயரத்தில். அது முழுசாக மூடவும் இல்லை. மரம் காய்ந்து ஓரத்தில் விரல் நுழையும் சந்து விட்டிருந்தது.

திறந்தார்கள். உள்ளே சதுரமான குழி ஒன்று கீழே இறங்கியது. மேலே துருப்பிடித்த கப்பி, அதில் இற்றுப்போன கயிறு. அடியில் மங்கலாக வெளிச்சம்.

ரேடியோ வாயைத் திறப்பதற்குள் துப்பு அவன் வாயைப் பொத்தி, அறையின் எதிர் மூலைக்கு இழுத்துக்கொண்டு போனார். காதோடு காதாகப் பேசினார்.

“இந்த வீட்டை யார் கட்டினாங்களோ, இது அவங்க சாப்பாட்டு அறை. கீழ சமையல்கட்டு. முதலாளி சொன்ன லிஃப்ட்டு இதுதான். அலமாரிக்குப் பின்னாடி இருக்கறதால அவருக்கே தெரியல.”

“அடப்பாவமே,” என்று ரேடியோ குசுகுசுத்தான். குசுகுசுப்பு அவனுக்குப் பழக்கமில்லாத வேலை, இருமல் வந்தது. “வேலைக்காரன் காதுக்குப் பயந்துதானே இந்தக் கருமாந்திரத்தையே கண்டுபிடிச்சாங்க? கடைசியில இதுவே பெரிய காதாப் போச்சே!”

“கீழ இப்ப என்ன இருக்கு?”

“பழைய சமையல்கட்டை நடுவுல பலகை வச்சுத் தடுத்திருக்காங்க. ஒரு பக்கம் டீக்கடை. அந்த டீ மாஸ்டர்தான் அத்தான்! சத்தியமா அவன்தான். டீ கொண்டு வந்தப்ப வாசப்படியிலயே நின்னு என்னா ஏதுன்னு நோண்டினானே. ஊர்வம்பு பேசறதுல எனக்கே அண்ணன் அவன்.”

“தடுப்புக்கு அந்தப் பக்கம்?”

“இந்த அகராதிக்குப் படம் வரையறவரு ரூமு. பாவம், நல்ல மனுஷன். வாசல்ல என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘உன் அக்கா எனக்குக் கூடப்பிறந்தவ மாதிரி தம்பி, எப்படியாவது காப்பாத்திடுங்க’ன்னு கண்ணு கலங்கினாரே, அவரு. வாங்க அத்தான், குழிக்குள்ள தலையை விட்டுக் கத்துவோம். எவனாவது வந்து திறக்கட்டும்.”

“குழியோட கீழ்வாய் தடுப்புக்கு ரெண்டு பக்கமும் திறக்கும் போல. கத்தினா கேட்டவன் அவன் பக்கத்துக் கீழ்வாய்ப் பலகையை மூடிட்டு, ஒண்ணுமே தெரியாத நல்லபிள்ளையா உக்காந்துக்குவான். அப்புறம் அவன்தான்னு எப்படிச் சொல்லுவ? முதலாளி, ‘உன் பொண்டாட்டியே அந்தக் குழி வழியா ஆள் வச்சுச் சொல்லியிருப்பா’ம்பாரு.”

“அப்ப நான் இறங்கட்டுமா?”

துப்பு மைத்துனனின் தொப்பையைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். அதிலேயே பதில் இருந்தது.

வெளிச்சம் மங்கத் தொடங்கியது. கீழே ஜீப் கிளம்பும் சத்தம் எப்போது வருமோ என்று ரேடியோவின் காது முழுக்க அங்கேயே இருந்தது. நேரம் போகப் போக அறை சின்னதாகிக்கொண்டே வருகிற மாதிரி இருந்தது அவனுக்கு. துப்பு மட்டும் குழியின் அருகில் போய் நின்று, கையைக் கட்டிக்கொண்டு யோசித்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் முகம் சுருங்கியது.

“மாப்ளே…”

“என்ன அத்தான்?”

“நெஞ்சு… என்னமோ பண்ணுது…”

கையால் நெஞ்சைப் பிடித்தபடி அலமாரியில் சாய்ந்தார். சாய்ந்தவர் அப்படியே சறுக்கிக்கொண்டு தரையில் விழுந்தார். கண் மேலே செருகியது.

ரேடியோ பாய்ந்து போய்ப் பக்கத்தில் விழுந்தான். “அத்தான்! ஐயையோ, அத்தான்!” கன்னத்தைத் தட்டினான், சட்டைப் பொத்தானைக் கழற்றினான். அசைவில்லை. ஓடிப்போய்க் கதவை அடித்தான், மெத்தைத் துணியைப் பிறாண்டினான். ஒரே சாயங்காலத்தில் அக்கா ஜெயிலுக்கும் புருஷன் சுடுகாட்டுக்குமா? அவளிடம் போய் என்னவென்று சொல்வது? வாய் இருக்கிறதே என்று வாழ்நாளெல்லாம் பேசியவன், இப்போது கேட்க ஓர் ஆள் கிடைக்காதா என்று தவித்தான். அத்தான் சொன்னதெல்லாம் மறந்துபோயிற்று. குழிக்குள் தலையை விட்டு அலறினான்.

“யாராவது இருக்கீங்களா? அத்தானுக்கு நெஞ்சு வலி! செத்துடுவாரு போல இருக்கே! யார்ரா பூட்டினது? எங்களை என்ன வேணா பண்ணிக்கோ, இந்தக் கதவை மட்டும் திறந்து விட்டுடு! உனக்குப் புண்ணியமாப் போகும்யா!”

கீழே வெளிச்சம் ஒரு தடவை மறைந்து தெரிந்தது.

ரேடியோ தரையில் உட்கார்ந்து அத்தானின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தான். அழுகையின் நடுவில் கதவுப் பக்கம் ‘கிளக்’ என்றது.

கதவு விரியத் திறந்தது. மூச்சு இரைக்க, ஒரு கையில் தண்ணீர்ப் பாட்டிலும் மறு கையில் மாத்திரைப் பட்டையுமாக நின்றது டீ மாஸ்டர் இல்லை. ஓவியர்.

“தள்ளு தம்பி, தள்ளு! இது என் மாத்திரைதான். நாக்குக்கு அடியில வைக்கணும். கடவுளே, ஒண்ணும் ஆயிடக் கூடாதே…” கையெல்லாம் வண்ணம், முகமெல்லாம் வேர்வை. துப்பின் பக்கத்தில் மண்டியிட்டு அவர் தாடையைப் பிடித்தார்.

துப்பு கண்ணைத் திறந்தார். எழுந்து உட்கார்ந்தார்.

“நல்லா இருக்கேன் சார். நெஞ்சு வலின்னு உங்களுக்கு யார் சொன்னது?”

“தம்பிதான் கத்தினாரே…”

“இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் குண்டு வெடிச்சாலும் கேக்காது. முதலாளி அப்படி அடிச்சு வச்சிருக்காரு. தம்பி கத்தினது ஒரே ஓர் இடத்துலதான் கேட்டிருக்கும்.”

ஓவியர் பின்னால் திரும்பி அலமாரியையும், திறந்து கிடந்த மரக்கதவையும் பார்த்தார். மாத்திரைப் பட்டை கையிலிருந்து நழுவியது. எழுந்து ஓடக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அப்படியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“அத்தான்!” ரேடியோவுக்கு இன்னும் விக்கல் நிற்கவில்லை. “நீங்க மனுஷனா? எனக்கு நிஜமாவே உசுரு போயிடுச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?”

“சொன்னா நீ நடிக்கணும். ரேடியோ பொய் சொன்னா கரகரன்னு கேக்கும்டா. போ, எல்லாரையும் கூட்டிட்டு வா. ஜீப் கிளம்பறதுக்குள்ள ஓடு!”

ரேடியோ ஓடினான். படியை இரண்டிரண்டாகத் தாண்டினான். முற்றத்துக்கு வந்தபோது அக்கா ஜீப்பில் ஒரு கால் வைத்திருந்தாள். “இறங்குக்கா! இறங்கு!” என்று அவன் போட்ட கூச்சலில் அச்சு இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள்.

மாடி அறைக்குள் எல்லோரும் நின்றார்கள். துப்பு சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னார். குழியைக் காட்டினார். ராட்டினப் படத்தைக் காட்டினார். ஆசிரியர் தன் கையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாக ஆட்டிய கை ஒரு தடவையாவது உதவியதே என்று நினைத்தாரோ என்னவோ. முதலாளியின் முகம் வெளுத்திருந்தது.

“ஏன்யா? உனக்கு நான் என்ன குறை வச்சேன்?” என்று முதலாளி ஓவியரிடம் கேட்டார்.

“எந்தப் புத்தகத்துலயாவது என் பேரைப் போட்டீங்களா?” ஓவியர் தலையை நிமிர்த்தவில்லை. “யானை வரைஞ்சேன், ஏணி வரைஞ்சேன், ஊசிமுனை வரைக்கும் வரைஞ்சேன். அட்டையில உங்க ரெண்டு பேர் பேருதான். எதிர்க்கம்பெனிக்காரங்க என் பேரை அட்டையிலயே போடறோம்னாங்க, அவங்களுக்கும் வரைஞ்சேன். பேச்சு தானா என் ரூமுக்கு வந்து விழுந்துச்சு. நான் தேடிப் போகல. ஆனா பழி இந்தப் பொண்ணு மேல விழும்னு சத்தியமா நினைக்கல. இவங்க ரெண்டு பேரையும் பூட்டினது பயத்துல பண்ணினது. போலீஸ் போன பிறகு திறந்துடலாம்னு…”

“போலீஸ் இவளைக் கூட்டிட்டுப் போன பிறகு,” என்றார் துப்பு.

முதலாளி அக்காவின் பக்கம் திரும்பி, “அம்மா, நான் உங்களைத் தப்பா…” என்று ஆரம்பித்தார். அக்கா அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக வந்து ஓவியருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் ரேடியோவுக்குத் தாங்கவில்லை.

“அண்ணே, இவருக்கு நெஞ்சு வலின்னு கேட்டதும் மாட்டிக்குவோம்னு தெரிஞ்சும் ஓடி வந்தீங்களே. நீங்க கெட்டவரு இல்லண்ணே. அது எனக்குத் தெரியும்.”

“அம்மா…”

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். முதலாளி என்னைத் திருடின்னு சொன்ன நாள்ல இருந்து, வீட்டுல இவங்க ரெண்டு பேருக்கும் தெரியக் கூடாதுன்னு, வேலை முடிஞ்சதும் இந்த அறைக்குள்ள வந்து கதவைச் சாத்திக்கிட்டுத்தான் அழுதேன். தினமும் அழுதேன். அந்த அலமாரியில சாஞ்சுக்கிட்டு. அது கீழ கேக்கலையாண்ணே?”

இன்ஸ்பெக்டர் காலை மாற்றி வைத்தார். ஓவியர் வெகுநேரம் தன் வண்ணம் படிந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேட்டுச்சும்மா,” என்றார். “பலகையை மூடிட்டு வேலையைப் பாத்தேன்.”